குருதி அமுக்கம்: இனத்தின் குறையா, பசியின் வடுவா?

'பிறஷர்' என்று நாம் சொல்லும் உயர் குருதி அமுக்கத்தை வயோதிபர்களின் நோய் என்றே எம்மில் பலர் எண்ணுகின்றோம். ஆனால் அதன் வித்து தாயின் வயிற்றிலேயே விழுந்துவிடலாம். சில இனத்தவரிடையே, பிள்ளைப் பருவத்திலிருந்தே, இது அதிகம் காணப்படுவது உண்மை. அதற்குக் காரணம் பரம்பரையா, வாழ்க்கையா?

1997 இல் வெளியான ஓர் ஆய்வு ஆபிரிக்க வம்சாவழியினரை மூன்று பிரதேசங்களில் ஒப்பிட்டது. மேற்கு ஆபிரிக்காவில் நூற்றுக்கு 16 பேருக்கும், கரிபியன் தீவுகளில் 26 பேருக்கும், அமெரிக்காவில் 33 பேருக்கும் இந்நோய் இருந்தது. வம்சம் ஒன்று, வாழ்ந்த இடங்களே வேறு.

நைஜீரியாவின் அனுபவம் எமக்கு இன்னும் நெருக்கமானது. 1967 முதல் 1970 வரை நடந்த பயாஃப்ரா யுத்தத்தில் இக்போ மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து பட்டினி கிடந்தனர். கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து திருச்சபைகள் ஒன்றிணைந்து இரவு விமானங்களில் உணவு அனுப்பின. அது எல்லோருக்கும் போதவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின் எனுகு நகரில் 1,339 பேர் பரிசோதிக்கப்பட்டனர். பஞ்சத்தின் பின் பிறந்தவர்களைவிட, பஞ்ச காலத்தில் பிறந்தவர்களின் மேல் அமுக்கம் சராசரியாக 7 மில்லிமீற்றர் கூடுதலாக இருந்தது. 2010 இல் இம்முடிவு வெளியாயிற்று.

இது எவ்வாறு நேர்கிறது? சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிக்கும் நுண்ணிய வடிகள், நிறைமாதப் பிள்ளைக்குப் பிறப்பதற்கு முன்னரே உருவாகி முடிகின்றன. பின்னர் புதியவை தோன்றுவதில்லை. கர்ப்பத்தில் போஷாக்குக் குறைந்தால் வடிகளும் குறையலாம். அப்போது உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் சிரமப்படும், அமுக்கம் ஏறும்.

நாம் செய்யக்கூடியவை:

1. நிவாரணப் பொதி எவ்வளவு சிறிதாயினும் பருப்பு, பயறு, முட்டை, மீன் ஆகியவற்றில் முதற்பங்கு கர்ப்பிணிக்கே. கிளினிக்கில் தரும் திரிபோஷாவை வீட்டார் பங்குபோட வேண்டாம்.

2. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும். ஒரு வயதுவரை பிள்ளையின் உணவில் உப்புச் சேர்க்க வேண்டாம். பின்னரும் கருவாடு, பைக்கற் தின்பண்டங்களைக் குறையுங்கள்.

3. பிறப்பு நிறை எழுதிய சுகாதார அட்டையை அடையாள அட்டை, காணி உறுதியுடன் ஒரே பையில் வையுங்கள். நிறை 2.5 கிலோவுக்குக் குறைவாயின், பிள்ளையின் குருதி அமுக்கத்தைப் பார்க்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.

நிறை குறைந்து பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்நோய் வரும் என்பதல்ல. தாய்மாரும் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை. பசியை அவர்கள் தேடிக்கொள்ளவில்லை. அடுத்த பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே கவனித்தால் போதும்.