தயிர் பாக்கெட் ஏன் உப்புகிறது?

கோடையில் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் தயிர் பாக்கெட்டை அரை நாள் வெளியே வைத்தால் போதும், சில நேரம் பலூன் போல உப்பிவிடும். ஓரத்தை வெட்டினால் 'புஸ்' என்று காற்று வெளியேறும். தயிரில் லேசான கள் வாடை அடிக்கும். தயிரைப் புளிக்க வைப்பவை பாக்டீரியாக்கள். இந்தக் காற்றையும் கள் வாடையையும் சேர்த்துக் கொண்டுவருவது பெரும்பாலும் ஈஸ்ட்.

பால் காய்ச்சும்போதே ஈஸ்ட் இறந்துவிடும். பிறகு குழாய், பாத்திரம், காற்று வழியாகத் திரும்ப ஒட்டிக்கொள்கிறது. ஆனால் எல்லா ஈஸ்ட்டாலும் பாலில் பிழைக்க முடியாது. பாலில் உள்ள முக்கியச் சர்க்கரை லாக்டோஸ். பேக்கரியில் பன் மாவில் போடும் ஈஸ்ட் அதைத் தொடவே தொடாது. லாக்டோஸைத் தின்னும் சில இனங்களில் முக்கியமானவை க்ளுய்வெரோமைசிஸ் லாக்டிஸ், க்ளுய்வெரோமைசிஸ் மார்க்சியானஸ்.

இதற்கு இரண்டு மரபணுக்கள் வேண்டும். லாக்12 என்பது லாக்டோஸைச் செல்லுக்குள் அனுமதிக்கும் வாசல். உள்ளே வந்ததைக் குளுக்கோஸ், கேலக்டோஸ் என இரண்டாக உடைக்கும் நொதியைத் தருவது லாக்4. பால் பண்ணைகளில் கிடைத்த லாக்டிஸ் வகைகளில் இரண்டும் உண்டு; காட்டில் கிடைத்த அதே இனத்தில் இரண்டுமே இல்லை. உறவுக்கார ஈஸ்ட் இனமொன்றிலிருந்து இவை லாக்டிஸுக்கு வந்து சேர்ந்தன என்று அயர்லாந்து ஆய்வாளர்கள் 2019-இல் காட்டினார்கள். மார்க்சியானஸின் கதை வேறு. அதன் சில வகைகளில் லாக்4 நன்றாகவே இருக்கும். லாக்12-இல் உள்ள சிறு மாற்றங்களால் லாக்டோஸ் உள்ளே போவதே சிரமம். ஒரே பெயர் கொண்ட இரண்டு ஈஸ்ட்டில் ஒன்று பாலில் செழிக்கும், இன்னொன்று திணறும்.

வெப்பத்திலும் வேறுபாடு உண்டு. லாக்டிஸ் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி நன்றாக வளரும். மார்க்சியானஸின் பல வகைகள் 45 டிகிரியிலும் வளரும். சென்னை வெயில் அவற்றுக்குப் பொருட்டே இல்லை. ஆக்சிஜன் தாராளமாக இருந்தால் இவை சர்க்கரையைக் கொண்டு பெருகவே பார்க்கும். மூடிய பாக்கெட்டில் ஆக்சிஜன் குறைந்ததும் நொதித்தல் தொடங்கி, ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகும். உப்பலுக்குக் காரணம் அதுதான்.

இதே குணம் நல்ல வேலைக்கும் உதவுகிறது. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான பாலில் கலக்கும் நொதி லாக்டிஸிலிருந்தும் எடுக்கப்படுகிறது. பன்னீர் பிழிந்த தண்ணீரில் ஏறக்குறைய 5 சதவீதம் லாக்டோஸ் மிஞ்சுகிறது. சாக்கடையில் விட்டால் நீரை மாசுபடுத்தும். அயர்லாந்தில் 1978 முதல் பாலாடைக்கட்டித் தண்ணீரை ஈஸ்ட் கொண்டு ஆல்கஹாலாக மாற்றுகிறார்கள். சோழிங்கநல்லூரில் ஆவின் பால் பண்ணையும், தெருவுக்குத் தெரு இனிப்புக் கடைகளும் உள்ள நம் பகுதிக்கு இது பயனுள்ள வழி. ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் இனத்தின் பெயரை மட்டும் பார்க்காமல் வகையைப் பார்க்க வேண்டும்: லாக்டோஸை எவ்வளவு வேகமாக உள்ளே இழுக்கிறது, நம் வெயிலைத் தாங்குமா என்று சோதிக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. தயிரை வாங்கியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஈரமில்லாத சுத்தமான கரண்டியால் எடுங்கள். பாக்கெட் உப்பியிருந்தால் ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்; எந்தக் கிருமி உப்ப வைத்தது என்று நாக்கால் கண்டுபிடிக்க முடியாது.