மரத்தலைகளுக்குக் கீழே ஒரு வரைபடம்

கைப்பேசியைத் திறந்தாலே செயற்கைக்கோள் படம் வந்துவிடுகிறது. மலைக்காட்டை அளக்க இன்னும் ஏன் ஆள் நடக்க வேண்டும் என்று கேட்கலாம். மேலிருந்து பார்த்தால் சோலைக்காட்டில் தெரிவது மரத்தலைதான், தரையல்ல. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க விண்ணோடம் ஒன்று 11 நாள் சுற்றி, ரேடாரால் உலகின் பெரும்பகுதிக்கு உயரம் கண்டது. அடர்காட்டில் அந்த அலைகள் பெரும்பாலும் இலையிலும் கிளையிலும் பட்டே திரும்பின. அதனால் மலையின் உயரத்தோடு மரத்தின் உயரமும் ஓரளவு சேர்ந்துகொண்டது. காடு முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில், இல்லாத மேடு ஒன்று படத்தில் முளைக்கும்.

இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாளில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள் பெரும்பாலும் 20 மீட்டருக்கு ஒன்று. இரண்டு கோடுகள் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றால், 50 மீட்டர் போவதற்குள் 20 மீட்டர் ஏற வேண்டும், மூச்சு வாங்கும். ஓடையைக் கடக்கும் இடத்தில் கோடு மேட்டுப்பக்கம் கூர்ந்து வளையும். ஆனால் 15 மீட்டர் செங்குத்துப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவே சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும். அதைக் காட்டிக்கொடுப்பது ஒற்றையடிப் பாதைதான்: நேரே போக வேண்டியது அங்கே காரணமில்லாமல் சுற்றிக்கொண்டு போகும். யானைத்தடமும் அப்படித்தான், சரிவு குறைந்த வழியைத் தேடிப் போகும். தலைமுறை தலைமுறையாகக் கால்கள் செய்த நில அளவை என்றே பாதையைச் சொல்வேன்.

லைடார் இருக்கிறதே என்பார்கள். அது அனுப்பும் லேசர் துடிப்புகள் இலை இடுக்கில் நுழைந்து தரையைத் தொடும். குவாத்தமாலா காட்டுக்குள் 60,000-க்கும் மேற்பட்ட மாயா கட்டுமானங்களை அது காட்டியதாக 2018-இல் அறிவித்தார்கள். நில உருவத்தில் அதற்கு ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தத் தடத்தில் இன்றும் ஆள் போகிறது, எதை உண்ணிச்செடி மூடிவிட்டது, சித்திரையில் எந்த ஊற்றில் நீர் நிற்கும் என்பதெல்லாம் மலைவாழ் மக்களான முதுவரோ காணிக்காரரோ சொல்லித் தெரிய வேண்டியவை. நடப்பவர் கையிலுள்ள ஜிபிஎஸ்ஸும் மரத்தடியில் பல மீட்டர் தடுமாறும்; ஒரே வழியைப் பலமுறை நடந்து, பதிவுகள் ஒத்துப்போகும் இடத்தைத்தான் பாதையாக வரைய வேண்டும். பாதையைக் குறித்தால் வேட்டைக்காரனுக்கு வழி காட்டியதாகாதா? அவனுக்கு அது ஏற்கெனவே தெரியும். தெரியாதவர், வெளியூரிலிருந்து வரும் மீட்புப் படையினர். காட்டுத்தீயில் சிக்கியவர்களை இறக்க அவர்களுக்குப் பாதை தெரிய வேண்டும்; சரிவு கூடக்கூடத் தீ வேகமாக மேலேறும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் ஏறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாண்டது அப்படியொரு சரிவில்தான். பொதுத்தாளில் மறைக்க வேண்டியதை மறைக்கட்டும், வனத்துறையின் தாளில் இறங்கும் வழி இருந்தாக வேண்டும். நீங்கள் மலைக்குத் தாள் எடுத்துப் போவதானால், எந்த ஆண்டு அளந்தது என்று அதன் ஓரத்தில் முதலில் பாருங்கள்.