இன்ஜினைப் பிரிக்கும் முன் எழுதி வாங்குங்கள்

இன்ஜின் வேலை முடிந்து நாலே மாதத்தில் நீலப் புகை வருகிறது. பட்டறைக்குப் போனால், "நீங்க ஆயிலைச் சரியா பார்க்கலை சார்" என்று கைவிரிக்கிறார் மெக்கானிக். ஆத்திரத்தில் வண்டியை மந்தாரக்குப்பத்தில் வேறொரு பட்டறைக்கு இழுத்துப் போய்ப் பிரிக்கச் சொல்கிறார் உரிமையாளர். அந்த நிமிடமே அவர் கையிலிருந்த சாட்சி போய்விடுகிறது. ஓய்வுப் பணத்தில் பழைய மாருதி 800-க்கு உயிர் கொடுக்கப் பார்க்கும் நெய்வேலிக்காரர்கள் பலர் இப்படித்தான் ஏமாந்து நிற்கிறார்கள். பில் இருக்கிறதா என்று கேட்டால், "தெரிஞ்ச பையன்தான் சார்" என்பார்கள்.

நம் ஊர் மண்ணை முதலில் கவனியுங்கள். நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்கல், சுரங்கத்துச் சக்கர வாளி எந்திரங்களின் பற்களையே தேய்த்துவிடும். ஏர் ஃபில்டர் டப்பாவின் விரிசலிலோ ரப்பர் குழாயின் தளர்ந்த கிளிப்பிலோ அந்தத் தூசி உள்ளே நுழைந்தால் ரிங்கையும் போரையும் அரைத்துவிடும். அந்த வழியை அடைக்காமல் புது பிஸ்டன் போட்டால் அதுவும் தேயும்.

ரிங், பேரிங், கேஸ்கட், ஆயில் சீல் நான்கையும் பழையதாக மாட்டவே கூடாது. ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும் வகை ஹெட் போல்ட்டுகளும் அப்படித்தான். பிளாக், கிராங்க், ஹெட் மூன்றையும் சீர்செய்து பயன்படுத்தலாம். ஆனால் அளந்து பார்த்த பிறகுதான். மாருதி 800-இன் போர் 68.5 மி.மீ. தேய்மானத்தைப் பொறுத்து 0.25 அல்லது 0.50 ஓவர்சைஸுக்கு ரீபோர் செய்வார்கள். பிஸ்டனை வாங்கி, அளந்து, அதற்கேற்ப போரை வெட்ட வேண்டும். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடுவது நம் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறு. 0.50 பிஸ்டனுக்கு 0.50 ரிங்தான். கிராங்க்கை 0.25 கிரைண்டிங் செய்தால் பேரிங்கும் அதே அளவு அண்டர்சைஸில் வர வேண்டும். ஹோனிங் முடிந்த பிளாக்கை டீசலில் கழுவினால் மட்டும் போதாது. வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவாவிட்டால் ஹோனிங் கல்லின் துகள் போரிலேயே தங்கிவிடும்.

ஆகவே, "முழு இன்ஜின் வேலை, இவ்வளவு ரூபாய்" என்ற வாய்ப்பேச்சோடு வண்டியை விடாதீர்கள். ஒரே ஒரு தாள் கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் அளவு, கிராங்க்கின் அளவு, ஹெட் வளைந்திருக்கிறதா, எந்தப் பாகம் புதிது, எது சீர்செய்தது, என்ன பிராண்ட், எத்தனை மாத உத்தரவாதம் என எல்லாம் அதில் இருக்க வேண்டும். தேதியும் கையெழுத்தும் முக்கியம். ஜி.எஸ்.டி. பதிவில்லாத சிறு பட்டறை கையால் எழுதித் தரும் ரசீதும் ஆதாரமே. கழற்றிய பழைய பாகங்களையும் புதுப் பாகங்களின் அட்டைப் பெட்டிகளையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

பில் தர மறுப்பதும், சீர்செய்த பாகத்தைப் புதிது என்று விற்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. மெக்கானிக்கிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

கோளாறு வந்தால்? இன்ஜினைப் பிரிக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், பிரிக்காதீர்கள். கிலோமீட்டர் மீட்டரையும் புகையையும் வீடியோ எடுங்கள். குறையை எழுதி, "15 நாளில் சரிசெய்யுங்கள், என் முன்னிலையில் பிரியுங்கள்" என்று ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. கூலி பாக்கி என்று வண்டியைப் பிடித்துவைத்தால் ரசீதில் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என எழுதிப் பணம் கட்டி வண்டியை எடுங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். லேத் வேலை புதுச்சேரியில் நடந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. தரமற்ற பாகம் என்று சந்தேகம் இருந்தால் ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப மனுவிலேயே கேளுங்கள். நிபுணர் கருத்தில்லாத மனு வலுவிழந்து நிற்கும். சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்திலும், இல்லாவிட்டால் 3 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் வாய்தாக்களில் ஆண்டுகள் ஓடுகின்றன.

பிளாக்கையே மாற்றினால் இன்ஜின் எண்ணும் மாறும். 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்காவிட்டால் இன்சூரன்ஸ் கோரும் நாளிலும் வண்டியை விற்கும் நாளிலும் நீங்கள்தான் அலைவீர்கள்.

புகார் தர அவகாசம், குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. அந்தத் தாளை இன்றே எழுதி வாங்குங்கள். புகை வந்த பின் எந்தப் பட்டறையும் எழுதித் தராது.