பெல்ட்டைத் தின்னும் இருக்கை

கோவையில் பந்தயக் கார்களில் மட்டுமே கைவைக்கும் சின்னப் பட்டறை அது. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் ஓட்டுநர் இருக்கையைக் கழற்றித் தரையில் குப்புறப் போட்டிருந்தார்கள். "முன்னாடி நின்னு பாத்தா ஷோரூம்ல இருந்து இப்பத்தான் வந்த மாதிரி இருக்கும்ங்ணா. இப்பிடி வாங்க, முதுகுப் பக்கம் பாருங்க" என்றார் மெக்கானிக் தம்பி.

பார்த்தேன். தோளில் விழும் பெல்ட், இருக்கையின் முதுகிலுள்ள ஓட்டை வழியாகப் பின்னால் போகும் இடத்தில், விரல் நீளத்துக்கு ஓரமெல்லாம் பிசிறு. நரைத்த பூனைமுடி மாதிரி. கருப்பு பெல்ட்டில் அந்த இடம் மட்டும் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. பெல்ட்டில் தைத்திருந்த லேபிளின்படி அதற்கு இன்னும் இரண்டு வருட ஆயுள் பாக்கி.

இந்தக் கார் எதிலும் மோதியதில்லை. யாரும் பெல்ட்டில் கத்தி வைக்கவும் இல்லை. அரைத்தது இருக்கைதான். ஓட்டுநரைக் காப்பாற்ற வைத்த ஒரு பொருள், அவரைக் காப்பாற்ற வைத்த இன்னொரு பொருளை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது.

நம் வீட்டுக் காரில் இருப்பது மூன்று இடத்தில் பிடிக்கும் பெல்ட். பந்தயக் காரில் ஐந்து அல்லது ஆறு இடம்: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடைகளுக்கு இடையே ஒன்றோ இரண்டோ. எல்லாம் வயிற்றருகே ஒரு வட்டப் பக்கிளில் வந்து சேரும். ஹார்னஸ் என்பார்கள். ஃபார்முலா 1 பந்தயத்தில் 1972-ல்தான் இது கட்டாயமானது. அதற்கு முன்பு பெல்ட்டே வேண்டாம் என்று சொன்ன ஓட்டுநர்கள் நிறையப் பேர். கார் தீப்பிடித்தால் உள்ளே கட்டுண்டு வேகுவதைவிட வெளியே தூக்கி எறியப்படுவது மேல் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் காலத்துக் கார்களைப் பார்த்தால் அந்தக் கணக்கை முழு முட்டாள்தனம் என்றும் சொல்லிவிட முடியாது.

இப்போதைய விதிகளில் ஒரு முக்கியமான நிபந்தனை உண்டு. ஹார்னஸை இருக்கையில் கட்டக் கூடாது. காரின் உடலிலோ அதற்கென அமைத்த குறுக்குக் குழாயிலோதான் கட்ட வேண்டும் என்கிறது சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பான எஃப்ஐஏ. இருக்கை பிய்ந்து வந்தாலும் ஆள் நிற்க வேண்டும் என்பதற்காக. நியாயம்தான். ஆனால் தேய்மானத்தின் விதையும் இங்கேதான் விழுகிறது. பெல்ட்டின் ஒரு முனை காரோடு இருக்கிறது, இன்னொரு முனை ஓட்டுநரின் உடம்போடு. நடுவில் அது புகுந்து போகும் ஓட்டையோ இருக்கையில் இருக்கிறது. ஃபைபர் கிளாஸ், கார்பன் ஃபைபர், அலுமினியம் என்று எதில் செய்தாலும் பந்தய இருக்கையான பக்கெட் சீட் ஒரு மெல்லிய கூடு. பந்தயக் காரின் இறுக்கமான ஸ்பிரிங்குகள் வழியாகச் சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் ஏறி வரும்போது அந்தக் கூடு தன் போக்கில் நெளியும், அதிரும். பெல்ட் அதனோடு சேர்ந்து அசையாது.

அசைவு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் விநாடிக்குப் பத்து தடவை என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், அரைமணி நேர ஓட்டத்தில் 18,000 தடவை அது ரம்பம் இழுக்கிறது. ஊர்ப் பொதுக்கிணறுகளின் விளிம்புக் கல்லில் கயிறு விழுந்த பள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள். கயிறு கல்லையே தேய்த்துவிட்டதே என்று வியப்போம். அந்தப் பள்ளம் விழுவதற்குள் எத்தனை கயிறு நைந்து குப்பைக்குப் போனது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

பெல்ட்டை நெய்த துணி என்று பார்ப்பது நல்லது. கோவைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள்தான் சுமையைத் தாங்குபவை. குறுக்கே போகும் ஊடை அவற்றைக் கலையாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு பாவு நூலும் தலைமுடியைவிட மெல்லிய ஏராளமான பாலியஸ்டர் இழைகளின் கற்றை. பழைய ஹார்னஸ்கள் நைலானில் வந்தன. நைலான் இழுத்தால் அதிகம் நீளும், ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் சீக்கிரம் வலுவிழக்கும். அதனால் பாலியஸ்டர் அதன் இடத்தைப் பிடித்தது. பாலியஸ்டரும் உரசலுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக்தான். வெட்டிவிட்டு மெருகேற்றாமல் விட்ட ஃபைபர் கிளாஸ் ஓரத்தில் கண்ணாடி இழைகளின் நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பாலியஸ்டருக்கு அது அரம். அலுமினிய இருக்கையில் துளை போட்டபோது எழுந்த பிசிறு இன்னும் மோசம்.

நாலு நூல் போனால் என்ன, மீதி இருக்கிறதே என்று தோன்றலாம். முதலில் சுமையைக் கணக்குப் போடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஓட்டுநரை அரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்த வேண்டும் என்றால், சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 28 மடங்கு விசை அவர் மீது விழும். 70 கிலோ ஆள் அந்த நொடியில் பெல்ட்டுக்குச் சுமார் இரண்டு டன். இதில் வேகம்தான் விஷயம்: 120 கிலோமீட்டரில், அதே அரை மீட்டரில் நிறுத்த நான்கு மடங்கு வேண்டும்.

அடுத்து, கிழிசல் எப்படிப் போகிறது என்பது. துணிக்கடையில் ஜாக்கெட் பிட் கேட்டால் கடைக்காரர் முழு அகலத்துக்கும் கத்தரி போடுவதில்லை. ஓரக்கரையில் ஒரு சின்ன வெட்டு, பிறகு இரண்டு கையாலும் ஓர் இழு. சர்ரென்று நேர்கோட்டில் கிழிந்து வரும். வெட்டு இல்லாத துணியை அதே ஆள் அதே பலத்தோடு இழுத்தால் அசையாது. வெட்டின் நுனியில் இருக்கும் ஓரிரு நூல்கள்மேல் மொத்த இழுப்பும் குவிகிறது. அவை அறுந்ததும் அடுத்த நூல்கள், அவையும் போனால் அதற்கடுத்தவை. ஒரே சமயத்தில் எல்லா நூலும் சேர்ந்து எதிர்க்க வாய்ப்பே கிடைப்பதில்லை. பெல்ட்டின் ஓரப் பிசிறை மெக்கானிக்குகள் நடுவில் விழுந்த கீறலைவிட மோசமாகப் பார்ப்பது இதனால்தான். அகலத்தில் பத்தில் ஒரு பங்கு போனால் வலுவிலும் பத்தில் ஒரு பங்குதான் போகும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

சுமை ஓரத்தில் குவிந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பந்தய உலகம் மறக்காத ஓர் உதாரணம் இருக்கிறது. 2001 பிப்ரவரி 18, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டேடோனா 500 பந்தயம். கடைசிச் சுற்றில், ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட்டின் கார் சுவரில் மோதியது. அவர் இறந்தார், வயது 49. இடது இடுப்பு பெல்ட் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அந்த ஆகஸ்டில், பந்தயத்தை நடத்தும் அமைப்பான நாஸ்கார் வெளியிட்ட விசாரணை அறிக்கை அதற்கு 'டம்பிங்' என்ற பெயரைச் சொன்னது. பெல்ட்டின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் உலோகச் சட்டத்துக்குள் பெல்ட் ஒரு மூலைக்கு ஒதுங்கிக் குவிந்துவிடுகிறது. இழுப்பு அகலம் முழுக்கப் பரவாமல் ஒரு ஓரத்தில் விழ, அங்கே தொடங்கிய கிழிசல் மறு ஓரம் வரை ஓடிவிடுகிறது. துணிக்கடைக் கதைதான், கத்தரி மட்டும் இல்லை.

அவர் உயிரைப் பறித்தது மண்டையோட்டின் அடிப்பகுதியில் ஏற்பட்ட முறிவு. பெல்ட் பிரிந்தது, அதற்குச் சற்று முன் இன்னொரு காரோடு நடந்த மோதல், சுவரில் இடித்த கோணம் எல்லாம் சேர்ந்தே அந்த முடிவுக்கு இட்டுச் சென்றன என்றது அறிக்கை. அந்த விபத்திலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட பாடம் பெரும்பாலும் கழுத்தைப் பற்றியது. மிச்சிகன் மாகாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும் அவருடைய மைத்துனரும் ஓட்டுநருமான ஜிம் டௌனிங்கும் 1980-களிலேயே உருவாக்கிய 'ஹான்ஸ்' என்னும் கழுத்துக் காப்பு அதன் பிறகுதான் பரவலாகக் கட்டாயமானது. அது நல்லதே. ஆனால் பெல்ட் எந்த வழியாக, எந்தக் கோணத்தில் போகிறது என்ற சாதாரண விஷயம் அந்தப் பேச்சில் அமுங்கிப் போனது என்பது என் எண்ணம்.

கோணம் என்றதும் பட்டறைக்குத் திரும்பலாம். அந்தச் சிவப்புக் காரின் கோளாறு இருக்கை ஓட்டையின் ஓரத்தில் மட்டும் இல்லை. பின்னால் பெல்ட்டைக் கட்டியிருந்த இடம் ரொம்பத் தாழ்வு. தோளைத் தாண்டியதும் பெல்ட் ஓட்டையின் கீழ்விளிம்பில் மடிந்து செங்குத்தாக இறங்கியிருந்தது. எஃப்ஐஏ விதிப்படி தோள் பெல்ட் கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் கீழிறங்கக் கூடாது. 10 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. இந்த விதி தேய்மானத்தை மட்டும் நினைத்து எழுதியதல்ல. செங்குத்தாக இறங்கும் பெல்ட், மோதலில் தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். ஆனால் கோணம் சரியாக இருந்தால் பெல்ட் விளிம்பில் ஏறி உட்காராமல் ஓட்டையின் நடுவாக மிதந்து போகும். தேய்மானம் தானாகவே குறைந்துவிடும். பக்கவாட்டிலும் 20 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. சாய்ந்தால் பெல்ட் ஓட்டையின் ஒரு மூலையில் போய்க் குவியும்.

தம்பியின் முறை எளிது. ஓட்டுநரை ஹெல்மெட், ஹான்ஸ், பந்தய உடை எல்லாவற்றோடும் உட்கார வைத்த பிறகுதான் குறுக்குக் குழாயின் உயரத்தை முடிவு செய்வார். "ஆள் உக்காராம அளவெடுக்கறது, மாப்ளை வராம மோதிர அளவு எடுக்கற மாதிரிங்ணா."

இடுப்பு பெல்ட்டில் வேறு சிக்கல். அது இருக்கையின் பக்கச் சுவருக்கு மேலே ஏறி வராமல், அதிலுள்ள ஓட்டைக்குள் புகுந்து இடுப்பெலும்பை அணைக்க வேண்டும். ஆனால் இருக்கை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். தரையில் போல்ட் அடித்த பெல்ட் நகராது. குட்டையான ஓட்டுநருக்காக இருக்கையை நாலு விரல் முன்னே தள்ளினால் பெல்ட் ஓட்டையின் பின்விளிம்பில் உரசும். ஒரே காரை இரண்டு மூன்று பேர் மாற்றி ஓட்டும் நெடும் பந்தயங்களில் இது வழக்கமான தலைவலி. தொடையிடைப் பெல்ட்டோ தண்டவாளத்துக்கு அடியில் மாட்டி நசுங்கும். இருக்கையைக் கழற்றும் நாள் வரை யாருக்கும் தெரியாது.

கோணம் சரியான பிறகுதான் விளிம்பைப் பற்றிப் பேச வேண்டும். நல்ல இருக்கைகளில் ஓட்டையைச் சுற்றி வழவழப்பான பிளாஸ்டிக் வளையம் வரும். திருகு தளர்ந்து அது கழன்று விழுந்ததை யாரும் கவனிப்பதில்லை. மாற்றாக ரப்பர் பீடிங் ஒட்டுகிறவர்கள் உண்டு. ரப்பர் கூர்மையை மூடும்தான், ஆனால் பெல்ட்டைப் பிடித்து இழுக்கும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். கெட்டியான, உருண்ட, வழுக்கும் விளிம்பே மேல். விளிம்பு சரியா என்று பார்க்கத் தம்பி ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து ஓட்டையைச் சுற்றித் தடவினார். இரண்டு இடத்தில் பஞ்சு மாட்டி நூலாக இழுபட்டது. என் விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

பெல்ட்டைச் சோதிக்க இன்னொரு வித்தை: ஒரு சாண் நீளத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தலைகீழ் 'ப' போல வளைக்க வேண்டும். வளைவின் வெளிப்புறம் இறுகும்போது அறுந்த இழைகள் எழுந்து நிற்கும். உயரத்தில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புப் பெல்ட்டையும் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

மண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நுண்மணல் இழைகளுக்கு நடுவே நுழைந்து உள்ளிருந்தே அறுக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான சோப்புப் போட்டு அலசி நிழலில் உலர்த்தினால் போதும். பிளீச்சிங், தின்னர், பெட்ரோல் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

நம் ஊரில் பார்க்கும் இன்னொரு பழக்கம்: பிசிறு எழுந்தால் லைட்டரால் பொசுக்குவது, நைலான் கயிற்று நுனியைப் பொசுக்குவதுபோல. பாலியஸ்டர் சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய இடம் ஆறியதும் கடினமான மணிகளாகி, பக்கத்தில் நல்ல நிலையில் இருக்கும் இழைகளைக் குத்தத் தொடங்கும். தேய்ந்த இடத்தின் மேல் டேப் சுற்றுவதும் தோல் வைத்துத் தைப்பதும் அதே ரகம். ஊசி போன ஒவ்வொரு இடத்திலும் பாவு நூல் காயப்படுகிறது. அதைவிட மோசம், அடுத்த தடவை பார்க்கிறவர் கண்ணுக்குத் தேய்மானம் மறைந்துவிடுகிறது. நகர்த்திப் பார்க்கக்கூடிய உறை என்றால் ஆட்சேபம் இல்லை.

எஃப்ஐஏ சான்று பெற்ற ஹார்னஸுக்கு வழக்கமாக ஐந்து ஆண்டு ஆயுள், அமெரிக்காவின் எஸ்எஃப்ஐ சான்றில் பொதுவாக இரண்டு. அந்தத் தேதி, நன்றாகப் பொருத்திய பெல்ட் வெயிலிலும் காற்றிலும் எவ்வளவு தாங்கும் என்பதற்கு வைத்த வரம்பு. மோசமான ஓட்டையில் அரைபடும் பெல்ட்டுக்கு அது பொருந்தாது. பெரிய மோதலுக்குப் பிறகோ, வெட்டோ பிசிறோ கண்ணில் பட்டாலோ மாற்றியாக வேண்டும் என்று எஃப்ஐஏ விதிப் புத்தகமே சொல்கிறது.

"நல்லாத்தான இருக்கு, பழகறதுக்கு வெச்சுக்கறேன்னு கேப்பாங்க. இல்லேன்னா வேற யாருக்காவது பாதி விலைக்குப் போயிரும்" என்றபடி தம்பி பழைய பெல்ட்டைக் கழற்றி மேசையில் போட்டார். தகரம் வெட்டும் கத்தரியால் பிசிறு இருந்த ஓரத்தில் ஒரு வெட்டு வைத்தார். பிறகு மறு ஓரம் வரை வெட்டி, இரண்டு துண்டையும் வேறு வேறு குப்பைக் கூடையில் எறிந்தார்.