பையனைத் திட்டும் முன் பெட்டியைப் பாருங்கள்!

“டீச்சர், இந்தக் கணினியை வித்துடலாம்னு பாக்கறேன். பையன் விளையாடி விளையாடியே கெடுத்துட்டான்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மடிக்கணினியைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்ற ஒரு தகப்பனார் சொன்ன சொற்கள் இவை. கேமரன் மலையில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அவருக்குப் பின்னால், தலையைக் குனிந்தபடி, படிவம் நான்கில் பயிலும் அவருடைய மகன். என் பழைய மாணவன்.

விஷயம் இதுதான். பழைய இயங்குதளத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றியதிலிருந்து பையன் இணையத்தில் விளையாடும் விளையாட்டு தடுக்கித் தடுக்கி நிற்கிறது. “லேக் ஆகுதுப்பா, லேக் ஆகுதுப்பா” என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வாரம் அவனுடைய அக்காள் தன் தோழியிடம் காணொளியில் பேசியபோது, பேச்சு பாதியில் அறுந்தறுந்து போயிற்று. அவளுக்கோ வரும் வியாழக்கிழமை ஒரு பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு. அதுவும் காணொளியில்தான்! வீட்டில் இருப்பது ஒரே கணினி. அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கணினி அலமாரிக்குள் பூட்டப்பட்டது. புதிதாக ஒன்றைத் தவணையில் வாங்கலாமா என்ற பேச்சும் எழுந்தது.

“அண்ணே, இங்கே வைத்துப் பார்த்துப் பயனில்லை. நோய் கணினியிலா, வீட்டிலா என்று முதலில் தெரியவேண்டும். வாங்க, உங்கள் வீட்டுக்கே போவோம்” என்றேன்.

அன்று அங்கே கண்டதை இங்கே எழுதுகிறேன். பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் இதே சண்டை நடக்கலாம் அல்லவா?

வேகம் வேறு, தாமதம் வேறு

“நல்ல வேகமான பேக்கேஜ்தானே எடுத்திருக்கோம்? படமெல்லாம் நல்லா ஓடுதே!” என்றார் அவர். பலரும் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

நம் மலையிலிருந்து தாப்பாவுக்கு லாரி இறங்குவதை நினைத்துப் பாருங்கள். லாரி பெரிதாக இருந்தால் ஒரே நடையில் நிறையத் தேயிலைப் பெட்டிகள் போகும். ஆனால், லாரி பெரிதாகிவிட்டது என்பதற்காகச் சாலையின் வளைவுகள் குறைந்துவிடுமா? போய்ச் சேரும் நேரம் குறைந்துவிடுமா? லாரியின் கொள்ளளவைத்தான் இணையக் கடைக்காரர் ‘வேகம்’ என்கிறார். ஒரு செய்தி போய்த் திரும்பிவர எடுக்கும் நேரமே தாமதம். இதை மில்லி வினாடியில் அளப்பார்கள். ஆயிரம் மில்லி வினாடி சேர்ந்தது ஒரு வினாடி.

படம் பார்க்கும்போது, அடுத்த சில வினாடிகளுக்கு வேண்டியதைக் கணினி முன்கூட்டியே வாங்கிச் சேமித்துக்கொள்ளும். அரிசி டின்னில் இரண்டு நாளைக்கு அரிசி இருந்தால், கடை ஒரு நாள் மூடினாலும் சோறு பொங்கலாம் அல்லவா? அதுபோலத்தான். இணைய விளையாட்டில் இப்படிச் சேமித்து வைக்க முடியாது. அடுத்த கணம் எதிராளி என்ன செய்வான் என்பதை எப்படி முன்கூட்டியே வாங்கி வைப்பது? காணொளிப் பேச்சும் அப்படியே. ஆகவே, விளையாட்டைத் தடுக்கும் கோளாறுதான் நேர்முகத் தேர்வையும் இணைய வகுப்பையும் தடுக்கும். பையன் சொன்னது குறும்பு அல்ல. வீட்டுக்கு வந்த முன்னறிவிப்பு!

கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா?

இதைக் கண்டுபிடிக்க ஒரு காசும் செலவில்லை. விண்டோஸ் கணினியில் ‘கமாண்ட் பிராம்ட்’ என்னும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று தட்டினால், ‘டிஃபால்ட் கேட்வே’ என்ற இடத்தில் ஓர் எண் தெரியும். பல வீடுகளில் அது 192.168.1.1 என்றிருக்கும். அதுதான் வீட்டிலுள்ள வைபை பெட்டியின் முகவரி. பின்பு ‘பிங்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும், மறுபடி இடைவெளி விட்டு ஒரு சிறு கோட்டையும் ‘டி’ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தையும் ஒட்டி எழுதினால், கணினி அந்தப் பெட்டியைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பதிலும் எத்தனை மில்லி வினாடியில் வந்தது என்று வரிசையாகக் காட்டும். நிறுத்த வேண்டுமானால் ‘கண்ட்ரோல்’ விசையையும் ‘சி’ விசையையும் சேர்த்து அழுத்தவேண்டும்.

அவர்கள் வீட்டில் செய்து பார்த்தோம். ஒரே கூரையின் கீழுள்ள பெட்டிதானே, ஐந்து மில்லி வினாடிக்குள் பதில் வரவேண்டும். வந்தது எப்படி? 3, 4, 3, 280, 5, 310! பையனின் கண்கள் விரிந்தன. அப்பாவும் குனிந்து பார்த்தார்.

“அண்ணே, கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். தானா ராத்தாவிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் சுமார் 440 கிலோமீட்டர். போய்வர ஒளிக்கு ஐந்து மில்லி வினாடிகூட வேண்டாம். உங்கள் வீட்டில் படுக்கையறையிலிருந்து கூடத்துக்குப் போய்வர 300 ஆகிறது!” என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமும் பாதி இறங்கிவிட்டது.

உண்மையில் கம்பி நேர்க்கோட்டில் போவதில்லை. வழியில் பல நிலையங்களும் உண்டு. ஆகவே வெளி ஊருக்குப் போய்வரக் கூடுதல் நேரம் ஆகத்தான் செய்யும். அதையும் பார்த்துவிட, 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கும் இதேபோல் ‘பிங்’ செய்யலாம். வீட்டுப் பெட்டியின் எண்கள் சீராக இருந்து, வெளி எண்கள் மட்டும் துள்ளினால், கோளாறு வீட்டுக்கு வெளியே. வீட்டுப் பெட்டியே துள்ளினால், முதலில் வீட்டைப் பார்க்கவேண்டும்.

கண்டுபிடித்தவை மூன்று

முதலாவது, பெட்டி இருந்த இடம். சிம் அட்டை போட்ட அந்த வைபை பெட்டியை இரும்பு அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். ‘தூசி படாமல் இருக்கட்டும்’ என்று அம்மா வைத்ததாம். இரும்பு வானொலி அலையை மறைக்கும். நான் சிறுமியாக இருந்த 1980-களில் தொலைக்காட்சிப் படம் மங்கினால், அண்ணன் கூரைமேல் ஏறி ஏரியலைத் திருப்புவார். நாங்கள் கீழே நின்று “இன்னும் கொஞ்சம்… போதும், போதும்!” என்று கத்துவோம். வைபை பெட்டியும் ஏரியல்தான். சன்னல் ஓரத்து மேடைக்கு மாற்றினோம். கோபுரத்துச் சைகையும் கூடியது, அறைக்கு வரும் சைகையும் கூடியது.

இரண்டாவது, மின்சிக்கனம். சார்ஜரைச் செருகிப் பார்த்தோம். துள்ளல் குறைந்தது. பிடுங்கினோம், மீண்டும் வந்தது. மின்கலத்தைச் சேமிக்க, கணினி தன் வைபை அட்டையை அடிக்கடி கண்ணயர விடுகிறது என்று தெரிந்துபோயிற்று. இயங்குதளம் மாறும்போது பழைய அமைப்புகள் மாறிப்போவது உண்டு. ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து, ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ என்பதன் கீழ் உள்ள வைபை அட்டையின் ‘பிராப்பர்ட்டீஸ்’ போனால் ‘பவர் மேனேஜ்மெண்ட்’ என்ற பகுதி இருக்கும். சேமிப்புக்காக அட்டையை அணைக்க அனுமதிக்கும் கட்டத்தில் உள்ள சரிக்குறியை எடுத்துவிட வேண்டும். சில கணினிகளில் இந்தப் பகுதி காணப்படாது. அப்படியானால், முக்கிய நேரங்களில் சார்ஜரைச் செருகியே பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, ஒரு கைப்பேசி. அக்காளின் கைப்பேசி நூற்றுக்கணக்கான படங்களை இணையச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டே இருந்தது. இதற்கும் துள்ளும் எண்ணுக்கும் என்ன உறவு? கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒருவர் இருபது மூட்டையோடு முன்னால் நின்றால், பின்னால் ஒரே மூட்டையோடு நிற்பவர் காத்திருக்கத்தானே வேண்டும்! விளையாட்டின் செய்தி சின்ன மூட்டை. படங்களை இரவில் ஏற்றும்படி மாற்றிவிட்டோம்.

மீண்டும் பெட்டிக்குப் ‘பிங்’ செய்தோம். 3, 4, 3, 3, 5, 4. பையன் ஒன்றும் பேசவில்லை, அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் மெதுவாக, “நீ சொன்னது சரிதாண்டா” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் அத்தனை நாளும் காத்திருந்தான் என்று எனக்குத் தோன்றியது.

இவை போதாவிட்டால்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டதால், பல குடும்பங்கள் விண்டோஸ் 11-க்கு மாறுகின்றன. மாறியபின் தடுக்கல் தொடர்ந்தால் இவற்றையும் பாருங்கள்.

மேம்பாடு முடிந்த முதல் சில நாள்கள், கணினி பின்னணியில் எதையாவது இறக்கிக்கொண்டே இருக்கும். அது முடியும்வரை பொறுத்திருங்கள். ‘விண்டோஸ் அப்டேட்’ பகுதியில் ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’, அதனுள் ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ என்ற இடத்தில், பிற கணினிகளோடு பகிரும் வசதி திறந்திருந்தால் மூடிவிடுங்கள்.

வைபை அட்டைக்கு ‘டிரைவர்’ ஒன்று உண்டு. லாரி ஓட்டுநர் அல்ல, அட்டையை இயக்கத் தெரிந்த சிறு மென்பொருள். இயங்குதளம் மாறும்போது இந்த ஓட்டுநரும் மாறிவிடக்கூடும். கணினித் தயாரிப்பாளரின் சொந்த இணையப் பக்கத்திலிருந்து உங்கள் மாடலுக்குரிய புதிய டிரைவரை இறக்குங்கள். புதியதில்தான் கோளாறு என்றால், ‘டிவைஸ் மேனேஜரில்’ ‘ரோல் பேக் டிரைவர்’ பழையதைத் திரும்ப அழைக்கும். பழையது சேமிப்பில் இல்லாவிட்டால் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. ‘டிரைவர் இலவசம்’ என்று கூவும் அறிமுகமில்லாத பக்கங்களை மட்டும் தொடவேண்டாம்.

எண்கள் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரே ஒழுங்காகத் துள்ளுகின்றனவா? கணினி அக்கம்பக்கத்து வைபைகளைத் தேடிப் பார்க்கிறது என்று ஐயப்படலாம். தேடும் அந்தக் கணத்தில் அது நம் பெட்டியைக் கவனிப்பதில்லை. இருப்பிடம் அறியும் ‘லொகேஷன்’ வசதியை மூடிப் பாருங்கள்.

பெட்டியில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் இருந்தால், அதே அறையில் இருப்போர் 5-ஐத் தேர்ந்தெடுக்கலாம். அண்டை வீட்டுப் பெட்டிகளின் நெரிசல் அதில் குறைவு. ஆனால் சுவர்களைத் தாண்டுவதில் 2.4 தான் கெட்டி.

எல்லாவற்றிலும் உறுதியான சோதனை, கணினியையும் பெட்டியையும் கம்பியால் இணைப்பது. கம்பியில் சீராகி, வைபையில் துள்ளினால் குற்றவாளி வைபையே. கம்பியிலும் வெளி எண்கள் துள்ளினால் கோளாறு வெளியே. அப்போது எந்த நாள், எந்த மணி, என்ன எண் என்று ஒரு நோட்டில் ஒரு வாரம் எழுதி, சேவை நிறுவனத்திடம் காட்டிப் பேசுங்கள். அங்கே தீராவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி.யிடம் புகார் செய்யலாம். வெறும் வாய்ப்பேச்சைவிட, எழுதி வைத்த எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

கடைசியாக ஒரு வார்த்தை

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, நம் தோட்டத்துப் பிள்ளைகள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு சைகை தேடி மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அலைந்ததை நாம் மறந்துவிடவில்லை. இணையம் அன்றே பள்ளிக்கூடத்தின் ஒரு சுவராகிவிட்டது. அந்தச் சுவரில் விரிசல் கண்டால் முதலில் பார்ப்பவர்கள் பிள்ளைகள்தாம், ஏனென்றால் விளையாடுபவர்கள் அவர்கள். மின்விளையாட்டு 2019-ஆம் ஆண்டு பிலிப்பைன்சில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கத்துக்குரிய ஆட்டமாகவே இடம்பெற்றது. அதற்காக விடியவிடிய விளையாட விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நேரத்துக்கு ஓர் அளவு வைப்பது பெற்றோர் கடமை. ஆனால், ‘நீதான் கெடுத்தாய்’ என்று சொல்லும் முன் ஒரு முறை அளந்து பார்ப்பதும் நம் கடமையே.

வியாழக்கிழமை அக்காளின் நேர்முகத் தேர்வு தடங்கலின்றி நடந்தது. அந்த முக்கால் மணி நேரமும் தம்பி தன் கைப்பேசியின் இணையத்தை அணைத்துவிட்டு, கதவருகே காவல் இருந்தானாம். தவணைக்காக எடுத்து வைத்த பணம், அப்பாவின் சேமிப்பிலேயே இருக்கிறது.