வாளி, வாட்ச், ஒரு ‘பீப்’ டேப்!

சிவில், ஜியாலஜி மக்களே... புத்தகத்துல நீலக் கலர்ல ஒரு பட்டை வரைஞ்சு ‘ஆக்விஃபர்’னு எழுதியிருப்பாங்களே, அதைக் கொஞ்சம் மறந்துடுங்க. ஃபீல்டு ட்ரெயினிங்ல உங்க கைக்கு வர்றது ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு வாளி, தண்ணியைத் தொட்டதும் ‘பீப்’ அடிக்கிற டேப். அவ்வளவுதான் லேப்!

பம்ப்பிங் டெஸ்ட் சிம்பிள். ஒரு போர்ல ஒரே சீரா தண்ணி இறைக்கணும். பக்கத்து போர்ல மட்டம் எப்படி இறங்குதுன்னு அளக்கணும். 1935-ல் அமெரிக்காவின் தைஸ், சூடு பரவுற கணக்கை நிலத்தடி நீருக்குப் பொருத்தினார். 1946-ல் கூப்பரும் ஜேக்கப்பும் அதை செமி-லாக் தாளில் ஒரு நேர்கோடா சுருக்கிட்டாங்க. 20 லிட்டர் வாளி 10 செகண்ட்ல நிறையுதா? நாளுக்கு 172.8 கன மீட்டர். நேரம் பத்து மடங்காகும்போது மட்டம் 1.5 மீட்டர் இறங்கினா, பாறையின் நீர் கடத்தும் திறன் நாளுக்குச் சுமார் 21 சதுர மீட்டர்.

முதல் பத்து நிமிஷம் செம டென்ஷன். ஒருத்தர் நேரம் சொல்ல, ஒருத்தர் அளக்க, ஒருத்தர் எழுத... அரை நிமிஷத்துக்கு ஒரு ரீடிங். ராத்திரி ரெண்டு மணிக்கு அது அரை மணிக்கு ஒண்ணாயிடும். அப்பதான் அந்த ஆசை வரும்... ‘மச்சி, போன ரீடிங்கோட ரெண்டு சென்டிமீட்டர் கூட்டிப் போட்டுடலாமா?’ வேணாம் பாஸ்! பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடியிருந்தா, அந்த நேரத்து நிஜ ரீடிங்தான் அதைக் காட்டிக் கொடுக்கும். உங்க நம்பரை நம்பித்தான் ஒரு விவசாயி கடன் வாங்கி மோட்டார் வாங்கப் போறார்.

திறந்த கிணறுன்னா இன்னும் உஷார். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால்வாசி கடினப் பாறை; பெரிய கிணறுகள் நிறைய. ஆறு மீட்டர் விட்டமுள்ள கிணத்துல ஒரு மீட்டர் ஆழத் தண்ணியே சுமார் 28,000 லிட்டர். செகண்டுக்கு 5 லிட்டர் இறைச்சா, அதுக்கே ஒன்றரை மணி நேரம். ஆரம்பத்துல நீங்க அளக்கிறது பெரும்பாலும் பாறையை இல்ல, கிணத்தை! தைஸ் கணக்குல கிணத்துக்குள்ள நிக்கிற தண்ணிக்கு இடமே கிடையாது. அதைச் சேர்த்துக் கணக்குப் போட 1967-ல் பாப்படோபுலஸும் கூப்பரும் தனி வழி சொன்னாங்க. இதை எக்ஸாமுக்கு மட்டும் படிச்சா மண்டையில ஏறாது. கிணத்தடியில நின்னா ஏறிடும்.

அப்புறம், இறைக்கிற தண்ணியைப் பக்கத்துலயே விடாதீங்க. திரும்ப உள்ளே இறங்கிக் கணக்கைக் கெடுத்துடும். தூரமா ஹோஸ் இழுங்க. கரன்ட் போனா, மட்டம் பழையபடி ஏறுற வரைக்கும் காத்திருந்து முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

பம்ப்பை ஆஃப் பண்ணதும் பஸ்ஸுக்கு ஓடாதீங்க. மட்டம் ஏறுறதையும் அதே அரை நிமிஷக் கணக்குல அளங்க. பம்ப்போட ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாம, ஓசியில கிடைக்கிற ரெண்டாவது டெஸ்ட் அது!