தாலி முந்தியா, கிளினிக் முந்தியா?

தோட்ட லயத்தில் ஒரு பெண்பிள்ளை முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "யாருடி அவன்?" அடுத்த கேள்வி, "எப்போ கட்டி வைக்கிறது?" தாய்மாமனுக்கு ஆள் போகும். தோட்டத் தலைவர் வருவார். பையன் வீட்டாரைப் பக்கத்து டிவிசனிலிருந்து கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அம்மாயி ஒரு மூலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். விடிவதற்குள் மாரியம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டுவதா, பிள்ளையைக் கொஞ்ச நாளைக்குப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவதா என்பது முடிவாகிவிடும். எத்தனை மாதம், இரத்தம் பார்த்தாயிற்றா, குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லியாயிற்றா என்று அந்தக் கூட்டத்தில் கேட்பவர் அநேகமாக இருக்க மாட்டார்.

இரத்தினபுரி மாவட்டத்தில் இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, நிவித்திகலை. கேகாலை மாவட்டத்தில் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட. பெயர்கள் மாறினாலும் இந்த ராத்திரி பெரிதாக மாறுவதில்லை.

18 நிறையாத பிள்ளையின் கழுத்தில் அப்படி அவசரமாகக் கட்டப்படும் தாலிக்குச் சட்டத்தில் எந்தப் பெறுமதியும் கிடையாது. 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி பெண்ணுக்கு 12 வயது நிறைந்தாலே போதுமாக இருந்தது. 1995ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 ஆக்கியது. "பெத்தவங்க சம்மதிச்சா பதிஞ்சுக்கலாம்" என்று தோட்டங்களில் இன்றும் சொல்வார்கள். பெற்றோரின் சம்மதம் 18 வயது நிபந்தனையைத் தளர்த்தாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2002இலேயே தீர்த்துவிட்டது. தலைவர் முன்னிலையில் நடந்தாலும் ஐயர் வைத்து நடந்தாலும், 17 வயதுப் பெண்ணின் கலியாணத்தைப் பதிவாளர் பதிய மாட்டார்.

அதே 1995இல் தண்டனைச் சட்டக்கோவையும் திருத்தப்பட்டது. பாலுறவுக்குச் சம்மதம் சொல்லும் வயது 12இலிருந்து 16 ஆனது. 16 நிறையாத பிள்ளையோடு உறவு வைத்தால், அவள் சம்மதித்தாள் என்றாலும் அது பாலியல் வல்லுறவுக் குற்றம்; குறைந்தபட்சம் பத்து ஆண்டுச் சிறை. சந்தேகநபரும் 18 வயதுக்குக் குறைந்தவர், பெண்ணும் சம்மதித்தவள் என்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம் என்று சட்டமே இடம் வைத்திருக்கிறது. அநுராதபுரம் மேல் நீதிமன்றத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், நீதிபதியின் கையைக் கட்டிப்போடும் அந்தக் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் 2008இல் கூறியது. 14 முதல் 16 வயதுக்கு உட்பட்ட பெண்களின் வழக்குகளில் இளம் சந்தேகநபர்களுக்குச் சலுகை தர 2024இல் ஒரு சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது அப்படியே நின்றுபோனது.

சட்டம் பிள்ளையைக் காக்கத்தான் எழுதப்பட்டது. வயதில் மூத்த உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வேலைக்கு வைத்த முதலாளி என்று யாராவது அந்த நிலைக்கு ஆளாக்கியிருந்தால் பொலிஸ் வராமல் வேறு யார் வருவது? ஆனால் லயத்துக்குள் சட்டம் போய்ச் சேர்ந்திருக்கும் வடிவம் வேறு. "ஆஸ்பத்திரிக்குப் போனா பொலிஸுக்குச் சொல்லிருவாங்க, பையன உள்ள போட்டுருவாங்க." 16க்குக் குறைந்த கர்ப்பிணி வந்தால் வைத்தியசாலை பொலிஸுக்கு அறிவிக்கும், சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார் என்பது உண்மைதான். அதற்குப் பயந்து வீட்டார் வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் ஐந்தாறு மாதம் வரைக்கும் கிளினிக் பக்கமே தலைகாட்டுவதில்லை. கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பியிருக்கிறோம் என்று ஊருக்கு ஒரு கதையும் தயாராக இருக்கும்.

இந்தத் தாமதம்தான் ஆளைக் கொல்லக்கூடியது.

இலங்கையின் தாய்-சேய் சுகாதாரச் சேவை எட்டு வாரத்துக்குள் கர்ப்பிணியைப் பதிய வேண்டும் என்ற கணக்கில் அமைந்தது. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், இரத்த அழுத்தம், சர்க்கரை, திரிபோஷ, கிளினிக் கொப்பி எல்லாம் அந்தப் பதிவிலிருந்துதான் தொடங்கும். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடு வீடாக நடக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களும் சேர்ந்துதான், தெற்காசியாவில் பிரசவத்தில் தாய் இறப்பது மிகக் குறைந்த நாடுகளில் ஒன்றாக இலங்கையை ஆக்கினார்கள். பிள்ளைப்பேறு ஏறக்குறைய முழுவதும் வைத்தியசாலையில்தான். இத்தனை நல்ல சேவையை வாசலில் வைத்துக்கொண்டு ஒரு 15 வயதுப் பிள்ளை அதற்கு ஒளிந்து திரிகிறாள்.

20 முதல் 24 வயதுப் பெண்களோடு ஒப்பிட்டால் 10 முதல் 19 வயதுத் தாய்மாருக்கு கர்ப்பகால வலிப்பும், பிரசவத்துக்குப் பின் கருப்பையில் தொற்றும் அதிகம். அவர்களின் குழந்தைகள் எடை குறைந்தும் மாதம் நிறையாமலும் பிறப்பது அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தோட்டத்தில் இதற்கு மேல் இன்னொரு கணக்கும் உண்டு. 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளவில் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். குள்ளமாக, இரத்தம் குறைந்து வளர்ந்த பெண்பிள்ளை தன் வளர்ச்சியே முடியாத வயதில் இன்னொரு பிள்ளையைச் சுமந்தால், அந்தப் பிள்ளை எந்த எடையில் பிறக்கும்?

நாட்டுச் சராசரியைப் பார்த்தால் பயப்பட எதுவும் இல்லாதது போலத் தெரியும். அதே ஆய்வில் 15 முதல் 19 வயது வரையான ஆயிரம் பெண்களுக்கு 21 பிறப்புகள். அதற்குப் பத்து ஆண்டுக்கு முன் 28. உலகச் சராசரி 2023இலும் 41ஐ ஒட்டியே நிற்கிறது. நல்ல எண்கள்தான். கொழும்பு மகளிர் கல்லூரி மாணவியையும் தெரணியகலை மலைத் தோட்டத்துப் பிள்ளையையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால் எல்லா எண்ணும் நல்ல எண்ணாகத்தான் வரும்.

பிள்ளை ஏன் அந்த வயதில் ஒருவனோடு போய்விடுகிறாள்? "ஃபோன்தான் காரணம்" என்பது லயத்துப் பெரியவர்களின் தீர்ப்பு. ஃபோனுக்கும் பங்குண்டு. ஆனால் அவள் விட்டுப்போகும் வீட்டையும் பார்க்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் ஒரு வராந்தாவும். அதற்குள் மூன்று தலைமுறை. கேகாலைப் பக்கம் இறப்பர் என்றால் அம்மா இருட்டோடு பால் வெட்டக் கிளம்பிவிடுவார். தம்பி தங்கையைக் குளிப்பாட்டிப் பிள்ளைக் காம்பராவில் விடுவது மூத்த பெண். அப்பா தோட்ட வேலை போக இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழிக்கும் போவார். சனிக்கிழமை இரவு கசிப்போடு திரும்புவார். அம்மா மத்திய கிழக்குக்குப் போய்விட்டால் வீடு முழுவதும் அந்த மூத்த பிள்ளையின் தலையில். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வெளிநாட்டு வேலைக்குப் போகக் கூடாது என்று 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை முறை வந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. கைக்குழந்தையைப் பற்றி அரசு கவலைப்பட்டது. அந்தக் கைக்குழந்தையை வளர்க்க விடப்பட்ட 13 வயது அக்காவைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள் என்று தெரியவில்லை. ஏற்கெனவே ஒரு குடும்பத்தைச் சுமக்கிறவளுக்குத் தனக்கென்று ஒரு குடும்பம் விடுதலையாகத் தோன்றினால் அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

நுவரெலியாவில் தோட்டத் தமிழர் கூட்டமாக வாழ்கிறார்கள். இரத்தினபுரியும் கேகாலையும் சேர்ந்த சப்ரகமுவையில் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு பல குடும்பங்கள் வன்னிக்குப் போய்விட, எஞ்சியவர்கள் இன்னும் சிறுபான்மையானார்கள். தமிழ்ப் பாடசாலை தூரம். உயர்தரம் இருக்கும் பாடசாலை அதைவிடத் தூரம். பொலிஸ் நிலையத்திலும் கிளினிக்கிலும் பெரும்பாலும் சிங்களம். பாஷை தெரியாத பிள்ளை தன் விஷயத்தைச் சொல்ல மாமியையோ பக்கத்துக் காம்பரா அக்காவையோ மொழிபெயர்க்கக் கூட்டிப்போக வேண்டும். அதற்குமேல் அதில் என்ன இரகசியம்? அன்று மாலையே பீலிக்கரையில் செய்தி வந்துவிடும்.

கருவைக் கலைத்துவிடலாமா என்றால், அதைச் சட்டம் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அனுமதிக்கிறது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் அந்த ஏற்பாட்டைத் தளர்த்த 1995இல் எடுத்த முயற்சி பாராளுமன்றத்தில் கைவிடப்பட்டது. வல்லுறவால் கருவுற்ற சிறுமிக்கும் இதே சட்டந்தான்.

வெளியே தெரியாமல் பெற்று, பிள்ளையை யாருக்காவது கொடுத்துவிடுவது என்ற வழிக்கும் இந்த நாட்டில் ஒரு மோசமான வரலாறு உண்டு. 1980களில் ஆயிரக்கணக்கான இலங்கைக் குழந்தைகள் நெதர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துப் போனார்கள். போலித் தாய்மார், போலிப் பத்திரம், தரகர் என்று நடந்த அந்த வியாபாரம் 2017இல் டச்சுத் தொலைக்காட்சி வழியாக அம்பலமானது. விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. தரகர்கள் தேடிப் போனது ஏழ்மையை மட்டுமல்ல. கலியாணமாகாத பெண் குடும்பத்துக்குப் பயந்து வாய் திறக்க மாட்டாள் என்பதும் அவர்களுக்கு முதலாக இருந்தது.

குடும்பங்கள் தாலியில் பிடிவாதமாக நிற்பதற்கு மானம் மட்டும் காரணமில்லை. "அவன் கட்டிக்கலேன்னா புள்ளைக்கு யாரு சோறு போடுறது?" என்பது நியாயமான பயம். இங்கே அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு சட்டம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, கலியாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் செலவு கொடுக்கக் கடமைப்பட்டவர். தகப்பன் அவர்தான் என்று நிறுவினால் போதும். நீதவான் நீதிமன்றம் மாதந்தோறும் கட்டச் சொல்லும். பதிவில்லாத கலியாணம் இந்த உரிமையில் ஒன்றையும் கூட்டுவதில்லை. பிள்ளைத்தாய்ச்சியின் படிப்பையும் அவள் திரும்பி வரும் வழியையும்தான் அது அடைக்கிறது. அவளுக்குத் தோட்டத்தில் பேரும் பதிந்திருக்காது. ஆகவே மற்றத் தொழிலாளிப் பெண்களுக்குக் கிடைக்கும் 84 நாள் பிரசவச் சகாயமும் கிடைக்காது. கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பதுதான் மிச்சம்.

தமிழ்நாட்டின் அனுபவம் இங்கே உதவலாம். 1989இல் அங்கே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் தொடங்கியபோது, பெண் குறைந்தபட்சம் எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். 2022இல் அதை 'புதுமைப் பெண்' திட்டமாக்கி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்று மாற்றினார்கள். கலியாணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்குத் திரும்பியது. இலங்கையில் 16 வயது வரை கல்வி கட்டாயம். வேலைக்குச் சேரும் குறைந்தபட்ச வயதும் 2021இல் 16 ஆனது. ஆனால் தோட்டத்துப் பெண்பிள்ளை சாதாரண தரம் தாண்டிப் படிக்க பஸ் காசையும் மத்தியானச் சோற்றையும் பொறுப்பெடுக்கும் திட்டம் எங்கே? கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சம்பளப் பேச்சுவார்த்தையில் ஒரு தடவையாவது இதை மேசையில் வைக்கலாம். சந்தா கட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.

பிள்ளை பெற்ற மாணவி மறுபடி வகுப்பில் உட்காரக் கூடாது என்று நாட்டில் சட்டம் ஏதும் இல்லை. தடுப்பது அதிபரின் தயக்கம், மற்றப் பெற்றோரின் முணுமுணுப்பு, வீட்டில் குழந்தையைப் பார்க்க ஆள் இல்லாமை. இவற்றில் கடைசியைப் பிள்ளைக் காம்பராவும் அம்மாயியும் சேர்ந்தே தீர்த்துவிடலாம். முதல் இரண்டைத் தலைவர்மார் பேசித் தீர்க்கலாம். கலியாணம் பேசி முடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமல்ல.

வீட்டில் இப்படியொரு நிலை வந்தால் முதலில் போக வேண்டிய இடம் குடும்பநல உத்தியோகத்தர் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. சிறுவர் மீதான கொடுமை என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தை இலவசமாக அழைக்கலாம். இரவு பகல் எந்நேரமும் இயங்கும், தமிழிலேயே பேசலாம்.